நாற்பத்தொன்றா, நாற்பத்தைந்தா

டோர்ஷவ்னில் மழை பெய்தால் யாரும் பேசமாட்டார்கள்,
பெய்யாத அன்றுதான் பேச்சு.
அதைப் பேசிக்கொண்டே உள்ளே வந்தாள் ரன்வா,
கம்பளிச் சட்டையில் மீன் ஆலையின் உப்பு வாடையோடு.

"கைக்கடிகாரம் வேண்டும். சத்தம் போடாதது.
அதிர்ந்தால் போதும்.
ஆலை இரைச்சலில் என் பெயரே எனக்குக் கேட்காது."

கடையின் அளவுநாடாவை யாரோ கிறிஸ்துமஸுக்கு முன்னால்
எடுத்துப் போனார்கள், போனது போனதுதான்.
பில் தாளில் ஒரு துண்டைக் கிழித்து
அவள் மணிக்கட்டைச் சுற்றினேன்,
பேனாவால் கோடு போட்டு ஸ்கேலில் வைத்தேன்.
பதினாலரை சென்டிமீட்டர்.
வேலை முடிந்து கை வீங்கும் நேரத்துக்கு
நாலு மில்லி கூட்டிக்கொண்டேன்.

முதலில் நாற்பத்தைந்தைக் கட்டினாள்.
சின்னப் பாறைமேல் பெரிய கடற்பறவை குந்தியதுபோல் இருந்தது.
இரண்டு பக்கமும் வார், தோலைத் தொடாமல் அந்தரத்தில்.
இடுக்கில் பச்சை வெளிச்சம் கசிந்தது.
"ஒளி வெளியே தெரிந்தால் நாடி உள்ளே பிடிபடாது"
என்றேன், ஆயிரம் முறை சொல்லித் தேய்ந்த குரலில்.

பிறகு நாற்பத்தொன்று.
எலும்பில் இடிக்கவில்லை.
சட்டைக் கை தடுக்காமல் மேலே வழுக்கியது.
ஆலையின் நீல ரப்பர் உறையைப் பையிலிருந்து எடுத்தாள்,
ஒரே இழுப்பில் அதுவும் ஏறிற்று.
அப்புறம் என்ன, ரசீதுதான்.
பதினாலு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று
வழக்கம்போல் சொல்லிவைத்தேன்.
மாலையில் ஹெயினிடம் பீற்றிக்கொண்டேன்:
கையைப் பார்த்தால் அளவு சொல்வேன் நான்.

பதினோராம் நாள் வந்தாள்.
கழற்றி மேசையில் வைத்தாள்.
"ராணி போய்விட்டாள்."

எந்த ராணி?

அப்போதுதான் வந்தது கதை.
தம்பி ஹோகுன் வடக்கே, இழுவைப் படகில்.
போனால் ஆறு வாரம்.
அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே அவ்வளவு கடல்,
அதன்மேல் ஒரு சதுரங்க ஆட்டம்.
அவன் காய் நகர்த்தினால் இவள் கை அதிரும்.
காப்பி இடைவேளை பன்னிரண்டு நிமிஷம்,
உறை கழற்ற ஒன்று, மாட்ட ஒன்று.
மிச்ச நேரத்தில்
ஒரு நாணயத்தளவு கண்ணாடியில்
அறுபத்துநாலு கட்டம்.
மந்திரி எது சிப்பாய் எது என்பதே குத்துமதிப்பு.
குதிரையைத் தொட்டாளாம், பக்கத்துக் கட்டத்தில் விழுந்தது விரல்;
ராணி எழுந்து நேராய்ப் போய்
அவன் யானையின் முன்னால் நின்றாள்.
"மெழுகுவர்த்திப் படம் அனுப்புகிறான், கழுதை."

அன்றைக்குத்தான் பார்த்தேன் அவள் விரலை.
பத்தொன்பது வருஷம் கத்தி பிடித்து
நுனி அகன்ற சுட்டுவிரல்,
குளிரில் வெடித்து ஆறி வெடித்தது.
மணிக்கட்டை மில்லிக் கணக்கில் அளந்த நான்
இதை அளக்கவில்லை.
எதற்கு என்றும் கேட்கவில்லை.

நாற்பத்தைந்தை எடுத்தேன்.
துளையில்லாத பின்னல் வார்,
இழுத்த இடத்தில் நிற்பது.
எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே,
கை சற்றுப் பருக்கும் இடத்தில் கட்டிவிட்டேன்.
பச்சை பாதி அடங்கியது, பாதி அடங்கவில்லை.
நாடி சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது,
உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ஓடுகிறதா நிற்கிறதா என்று எனக்கே தெரியும்" என்றாள்.

உறை ஏறாதே?
"எட்டாம் நம்பரைத் தள்ளிவிட்டு ஒன்பது வாங்கிவிட்டேன்,
நேற்றே."

கதவில் கை வைத்தபோது அதிர்ந்தது.
கண்ணைச் சுருக்காமல் பார்த்தாள்.
"சிப்பாய்" என்றாள் சிரித்தபடி,
தொப்பியை இழுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.
யாருடைய சிப்பாய்,
வெட்டியதா வெட்டுப்பட்டதா,
கேட்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.